உயிரோடிருந்தவளுக்கு வைத்த கல்

ஹட்டன் பக்கம் லத்தீன் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றால் முதலில் சிரிப்பவர் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராக இருப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. "லத்தீன் படிச்சு எந்த ஊருக்குங்க பஸ் கேக்கப் போறாங்க?" என்று அவர் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் டிக்கோயாவில் இறங்கிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் நான் ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை.

கிரேக்க ரோம நாகரிகத்தையும் அதோடு சேர்த்துக் கொஞ்சம் லத்தீனையும் மலையகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்திருக்கும் உங்களிடமும் அதைக் கேட்பார்கள். பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. வேற்றுமை வாய்பாடுகளை என்னைவிடப் புதிதாகப் படித்தவர்கள் நீங்கள். ஆகவே அந்தப் பக்கம் நான் போகவில்லை. பாடம் கரும்பலகையை விட்டு இறங்கி யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய்விட்டால் ஆசிரியர் என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வழிகாட்டி நூலில் அது இல்லை.

நான் பிறந்தது இறம்பொடைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில். ஆசிரியையாக வருமுன் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராகச் சில ஆண்டுகள் வேலை செய்தேன். லத்தீன் வகுப்புக்கு எனக்கு உதவியது பட்டப்படிப்பைவிட அந்தப் பத்திரிகை மேசைதான்.

ரோமர்களின் காலைப் பொழுதிலிருந்து தொடங்குவது என் வழக்கம். விடியுமுன் எளியவர்கள் எழுந்து, நல்ல உடை உடுத்து, செல்வாக்குள்ளவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கதவு திறக்கும். ஒவ்வொருவராக வணக்கம் வைப்பார்கள். அன்றைக்கு என்ன வேலை, என்ன உதவி என்று தெரிந்துகொண்டு கலைவார்கள். இதைச் சொல்லிவிட்டு, "உங்க தோட்டத்துல இதுக்கு என்னா பேரு?" என்று கேட்பேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும்: "பெரட்டு."

விடியற்காலையில் தொழிலாளர் கூடி நின்று வேலை பிரித்து வாங்கும் அந்தப் பெரட்டை அறிந்த பிள்ளைக்கு ரோமர்களின் காலை வணக்கத்தைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. அதற்குரிய லத்தீன் சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கொழும்பில் வசதியான பள்ளிகளில் இதே பாடத்தை எடுத்த தோழிகள், தங்கள் பிள்ளைகளுக்கு இது மனதில் நிற்பதேயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சாதகம் நமக்கு மட்டும் உரியது. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ரோமப் பண்ணையின் படத்தை ஒரு நாள் பலகையில் வரைந்தேன். டொமினுஸ் எனப்படும் முதலாளியின் மாளிகை, விலிக்குஸ் எனப்படும் மேற்பார்வையாளன் வீடு, பின்னால் லயத்துக் காம்பராக்களைப் போல வரிசையாகச் சிறு அறைகள். நிரோஷா எழுந்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை. ஒல்லியான உருவம், ஒளிக்கத் தெரியாத குரல்.

"துரைதான் டொமினுஸ். கண்டாக்கையா விலிக்குஸ். அந்தக் காம்பராவுல இருக்கற எங்கம்மா யாரு டீச்சர்?"

அந்தச் சிறு அறைகளில் ரோமர் வைத்திருந்தது அடிமைகளை. எல்லாப் பிள்ளைகளும் அதற்கு முந்தைய வகுப்பில் அதைப் படித்திருந்தார்கள்.

"ஒத்துப்போறத சொல்லிட்ட," என்றேன். "ஒத்துப்போகாதத இப்ப சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "அவங்களுக்குச் சம்பளம் இல்ல. எங்கம்மாவுக்கு இருக்கு, பத்தாது. அவங்கள விக்கலாம். எங்கள விக்க முடியாது. அவங்க சங்கம் வச்சா கொன்னுருவாங்க. எங்கப்பா சங்கத்துத் தலைவரு."

"ஒங்கப்பாவ யாரும் கொல்லலியே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எங்கம்மாதான் அப்பப்ப கொல்லப் பாப்பாங்க," என்றாள் அவள். வகுப்பு சிரித்தது.

இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புமையைப் பாதியில் விடாதீர்கள். ஒத்திருப்பதைச் சொன்ன பிள்ளையிடம் ஒத்திராததையும் கேளுங்கள். பாதியில் விட்ட ஒப்புமை வீட்டுக்குப் போய் வசவாக மாறும்.

இங்கே பத்திரிகை அலுவலகத்துக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். எங்கள் செய்தி ஆசிரியர் அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் மரண அறிவித்தல் பக்கத்தில் பெரிய தவறு நடந்தது. இறந்தவர் அண்ணன். அறிவித்தல் கொடுத்தவர் தம்பி. அச்சில் வந்தது தம்பியின் படம். காலையில் அவர் வீட்டு வாசலில் மாலையோடு ஆட்கள் வந்து நின்றிருக்கிறார்கள். அதில் ஒரு மாலையைக் கையில் எடுத்துக்கொண்டே அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

மொத்த அறிவித்தலையும் இல்லையென்று சொல்ல வேண்டும் என்பது அவர் கோரிக்கை. விளம்பரப் பிரிவினர் எதை வேண்டுமானாலும் போடத் தயாராக இருந்தார்கள். செய்தி ஆசிரியர் அவரை உட்காரவைத்தார். அவர் பேசி முடிக்கும்வரை ஒரு சொல்லும் குறுக்கே போடவில்லை. பிறகு சொன்னார்: "ஐயா, உங்கள் அண்ணன் இறந்தது பிழையில்லை. படம் பிழை. பிழையைத் திருத்துகிறோம். சரியாக இருந்ததைத் திருத்தினால் அது இரண்டாவது பிழை." மறுநாள் திருத்தம் அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவில் வந்தது. உள்பக்க மூலையில் சின்ன எழுத்தில் ஒளித்து வைக்கச் செய்தி ஆசிரியர் விடவில்லை. "பொய் எங்கே உட்கார்ந்ததோ அங்கேதான் உண்மையும் உட்கார வேண்டும்" என்றார். இதை நான் ஒரு பள்ளி மண்டபத்தில் பயன்படுத்துவேன் என்று அன்று எனக்குத் தெரியாது.

இனி நிரோஷாவின் கல்லுக்கு வருகிறேன்.

ரோம நகரங்களுக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது. ஆகவே நகர வாயிலுக்கு வெளியே சாலையின் இருபுறமும் கல்லறைகள் இருக்கும். ஊருக்குள் வருகிற ஒவ்வொருவரும் அவற்றைக் கடந்துதான் வர வேண்டும். கற்கள் வழிப்போக்கரைக் கூப்பிட்டுப் பேசும்: நில், வாசி, பிறகு போ. பெயர், தகப்பன் பெயர், என்ன தொழில் செய்தவர் என்றெல்லாம் அதில் இருக்கும். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள் இதில் மிகவும் அக்கறை காட்டினார்கள். ரொட்டி சுட்டவன் அடுப்பைச் செதுக்குவித்தான். செருப்புத் தைத்தவன் தன் கருவிகளைச் செதுக்குவித்தான்.

"செஞ்ச வேலைய வெக்கமில்லாமப் போட்டுக்கிட்டாங்களா டீச்சர்?" என்று நிரோஷா கேட்டாள்.

"வெக்கமா? அத போடத்தானே கல்லே வச்சாங்க."

இன்னொன்றையும் சொன்னேன். பலர் தங்கள் கல்லைத் தாங்கள் உயிரோடிருக்கும்போதே செய்து வைத்தார்கள். குடும்பக் கல்லில் உயிரோடிருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் 'வாழ்கிறார்' என்பதற்கு அடையாளமாக ஓர் எழுத்தைப் பொறித்தார்கள். ரோமருக்கு அதில் அபசகுனம் எதுவும் இல்லை. புதிதாக வீடு கட்டி வைப்பதைப் போன்ற காரியம் அது.

கண்காட்சிக்கு வகுப்பு ஒரு ரோமச் சாலையைச் செய்தது. பள்ளி மண்டபத்தின் நடைவழியில் இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டிகளை வெட்டிச் சாம்பல் வண்ணம் பூசிக் கற்களாக நிறுத்தினோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒருவருக்காக லத்தீனில் ஒரு கல் எழுத வேண்டும். பெரும்பாலானோர் ரோமக் குயவன், ரோமச் சலவைக்காரன் என்று கற்பனை மனிதர்களுக்கு எழுதினார்கள். நிரோஷா தன் அம்மாவுக்கு எழுதினாள்.

அம்மாவின் பெயர் செல்வராணி. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். வயிற்றில் ஒரு கட்டி. அடுத்த கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நிரோஷா எனக்கு அதைச் சொல்லியிருந்தாள். அவள் சொன்ன இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது: "அம்மா ராவெல்லாம் பொலம்புறாங்க டீச்சர். கொழுந்து பறிச்சதத் தவிர நா என்னாத்த செஞ்சேன், செத்தா ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு."

அந்தப் புலம்பலுக்குப் பதிலாகத்தான் அவள் அந்தக் கல்லைச் செய்தாள். ரோமக் கல்லில் முகம் செதுக்குவார்கள் என்பதால் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினாள். சுற்றிலும் இலை மாலை வரைந்தாள். 'வாழ்கிறார்' என்ற எழுத்தைத் தவறாமல் பொறித்தாள். கீழே செய்தி, முழுக்க லத்தீனில். கண்காட்சியன்று காலை நான் அதைப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

லத்தீன் தெரியாத ஒருவர் அந்தக் கல்லில் என்ன பார்ப்பார் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு படம். சுற்றிலும் மாலை. கீழே ஒரு பெயர். நம் டவுன் சந்திகளில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவள் அப்பா பெரியசாமி முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். தோட்டத்துச் சங்கத் தலைவர் என்பதால் வெள்ளைச் சட்டை, கூட இரண்டு சங்கத்து ஆட்கள். மகளின் வகுப்பைக் காட்டத்தான் அவர்களைக் கூட்டி வந்திருந்தார். நடைவழியில் பாதி தூரம் சிரித்துக்கொண்டே வந்தவர் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"டீச்சர், இது யாரு செஞ்சது?"

"உங்க மகதான் தலைவரே."

"செய்யச் சொன்னது?"

"பாடம் என்னோடது. ஆளத் தெரிவு செஞ்சது அவ."

"உசுரோட இருக்கறவளுக்குக் கல்லு வைக்கச் சொல்லி ரோமாபுரியில எழுதியிருக்கானா?"

"ஆமாங்க. வச்சிருக்காங்க."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னார்: "அப்ப அவங்க ஊர்ல வச்சிக்கிறட்டும். எங்க ஊர்ல கல்லு வச்சா கருமாதிதான். அடுத்த கெழமை ஆபரேஷனுக்குப் போற பொம்பளைக்கு இன்னைக்குக் கல்லு. நல்லா இருக்குதுங்க ஒங்க படிப்பு."

நிரோஷா விளக்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார். "பையத் தூக்கு. இன்னையோட சரி. பரீட்சையும் வேணாம், ஒன்னும் வேணாம். கொழும்புல சித்தப்பா கடையில நில்லு."

உயர்தரப் பரீட்சைக்கு அப்போது அதிக நாள் இல்லை. அந்தப் பாடத்தில் அவள் நன்றாகச் செய்தால் பல்கலைக்கழகம் நிச்சயம் என்று நான் நம்பியிருந்தேன். அவளும் நம்பியிருந்தாள். சொன்னதை மாற்றாத மனிதர் என்று தோட்டம் முழுக்கப் பெயரெடுத்தவர் அவள் அப்பா. அவள் உண்மையிலேயே போய்ப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

எங்கள் பள்ளி அதிபர் ஒரு கன்னியாஸ்திரி. நல்லவர், சத்தம் கேட்டால் பயப்படுபவர். என் காதருகே வந்து, "கழட்டிருங்க டீச்சர். கிழிச்சிப் போட்டுருங்க. பிரச்சினை வேணாம்," என்றார்.

எனக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. கல்லைக் கிழித்தால் தலைவரின் கோபம் தணியலாம். ஆனால் அது சாவுக் கல்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அம்மாவுக்குச் சாவை எழுதிய மகள் என்ற பெயரோடு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவாள். கல்லில் பிழை இல்லை. அதைப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"தலைவரே, அக்கா வரலியா?"

"அடுத்த பஸ்ல வர்றா. அவ வாறதுக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது."

"அவங்க பேருதானே இதுல இருக்கு. அவங்க பாக்கட்டும். கிழிக்கணும்னு அவங்க சொன்னா என் கையால கிழிக்கிறேன்."

அவர் பதில் சொல்லுமுன் அவருடைய போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் யாரோ அழுவது எங்களுக்கே கேட்டது. "எந்த அண்ணி?" என்றார். "யாருய்யா சொன்னா?" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து இறக்கினார்.

நடந்தது இதுதான். முதலில் வந்த யாரோ ஒருவர் கல்லைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். 'நம்ம நிரோஷாவோட அம்மா' என்று மட்டும் எழுதியிருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, பெருமையாகத்தான் போட்டிருக்கிறார். ஆபரேஷன் செய்தி எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தைப் பார்த்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அதற்குள் லயத்து வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கோடிச் சேலை வாங்க மஸ்கெலியா டவுனுக்குப் புறப்பட்டும்விட்டார்.

பெரியசாமி மனைவிக்குப் போன் போட்டார். போகவில்லை. மறுபடி போட்டார். அந்தச் சாலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் மூன்றாம் முறையும் போட்டார். பொய் என்று தெரிந்த செய்தியும் ஆளைக் கலக்கும் என்பதை அன்று கண்டேன். நிரோஷா பையோடு அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

பிறகு போன் வந்தது. அவர் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். மண்டபத்துக்கே கேட்டது.

"ஏங்க, நா செத்துட்டேனாம்ல?"

"எங்க இருக்க நீ?"

"நோர்வூட் தாண்டிட்டேன். மூணு பேரு போன் எடுத்துட்டாங்க. ஒருத்தி எங்கிட்டயே கேக்குறா, எத்தன மணிக்கு எடுக்குறாங்கன்னு. செத்தும் பஸ்ஸுல சீட்டுக் கெடைக்கலிங்க, நின்னுகிட்டுத்தான் வாறேன்."

சங்கத்து ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டு, தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

செல்வராணி மண்டபத்துக்குள் வந்தபோது எல்லோரும் வழிவிட்டார்கள். ரோமச் சாலை அவருக்காகவே போட்டதுபோல் காலியாக இருந்தது. நேராக வந்து தன் கல்லுக்கு முன்னால் நின்றார். முதலில் படத்தைத்தான் பார்த்தார்.

"ஐடென்டி கார்டு படமா? வேற நல்லது கெடைக்கலியா ஒனக்கு?"

"ரோமாபுரியில சிரிக்க மாட்டாங்கம்மா," என்றாள் நிரோஷா.

"என்னா எழுதியிருக்க? வாசி."

பையைக் கழற்றாமலே வாசித்தாள். வரிக்கு வரி தமிழில் சொன்னாள்:

"செல்வராணி, முத்துசாமியின் மகள். வாழ்கிறாள். மலையில் இலை பறித்தாள். மழையிலும் பறித்தாள், பனியிலும் பறித்தாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். வழிப்போக்கரே, நில்லுங்கள். இலை போட்ட வெந்நீர் குடித்ததுண்டா? அப்படியானால் இவளை உங்களுக்குத் தெரியும்."

தேயிலையை ரோமர் அறியமாட்டார்கள். வெந்நீரை விரும்பிக் குடிப்பார்கள் என்று ஒரு வகுப்பில் சொல்லியிருந்தேன். 'இலை போட்ட வெந்நீர்' அதிலிருந்து அவளே கட்டிக்கொண்டது. அந்த வரிக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை.

செல்வராணி கணவர் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா கத்துனீங்க?"

"சகுனம் புள்ள. ஆபரேஷன வச்சிக்கிட்டு..."

"கல்லு வச்சா சாவு வரும்னா, நம்ம தோட்டத்துல ஒரு கல்லும் இல்லாம எத்தன பேரு போய்ச் சேந்தாங்க? எங்கம்மாவ எந்த எடத்துல பொதச்சோம்னு ஒங்களால காட்ட முடியுமா?"

அவரால் முடியாது. அங்கே நின்ற பெரியவர்களில் பாதிப் பேருக்கும் தங்கள் வீட்டு ஆட்களின் இடத்தைக் காட்ட முடியாது. அது அவர்கள் முகங்களில் தெரிந்தது.

"செத்தப்பறம் எழுதி வச்சா நா எங்கருந்து வந்து வாசிக்கிறது? இப்ப கேட்டாச்சு." பிறகு மகளிடம் திரும்பினார். "ஆனா இது பத்தாது. கொழுந்து மட்டுந்தானா பறிச்சேன்? புல்லு வெட்டுனது? கவ்வாத்து வெட்டுன மலையில வெறகுக்கு மிலாறுக் குச்சி பொறுக்குனது? கொழுந்தக் கொறச்சி நிறுத்தாங்கன்னு தராசு முன்னாடி ஒத்த ஆளா நின்னு, திரும்ப நிறுக்க வச்சேனே, அது எங்க?"

"அன்னைக்கு சங்கம் வந்துச்சே," என்றார் பெரியசாமி.

"சங்கம் மத்தியானம் வந்துச்சு. தலைவரு ஹட்டன்ல மீட்டிங்ல இருந்தாரு."

இந்த முறை சிரிப்பை யாரும் நிறுத்தவில்லை. தலைவரும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

"பையக் கீழ வச்சிட்டு எழுது," என்றார் அம்மா. நிரோஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைக்கவில்லை. வேறு பக்கம் பார்த்தார். பையை அவளே இறக்கி வைத்தாள். தராசுக்கு லத்தீன் சொல் அவளுக்குத் தெரியும். ரோமச் சந்தைப் பாடத்தில் வந்தது. கல்லின் அடியில் இருந்த காலி இடத்தில், எல்லோரும் பார்த்திருக்க, பேனாவால் எழுதினாள்: "தராசின் முன் நின்றாள். நகரவில்லை."

இப்போது நான் பேச வேண்டியிருந்தது. லயத்து வாசலில் ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். "அக்கா, கல்லுக்குப் பக்கத்துல நில்லுங்க," என்றேன். அம்மாவும் மகளும் நின்றார்கள். படம் எடுத்து, அந்தப் பொய் எந்தக் குரூப்பில் உட்கார்ந்திருந்ததோ அதே குரூப்பில், தலைவரின் போனிலிருந்தே போடச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: "செல்வராணி நலமாக இருக்கிறார். இந்தக் கல் ரோமர் வழக்கப்படி அவருடைய மகள் செய்தது." நான் அச்சுக்கு அனுப்பிய திருத்தங்களில் இதுதான் சிறந்தது. செல்வராணிக்கு அது போதவில்லை. போனை வாங்கிக் குரல் செய்தியும் அனுப்பினார்: "கோடி வாங்குனவங்க திருப்பிக் குடுத்துறாதீங்க. சேல நல்லா இருந்தா நானே கட்டிக்கிறேன்."

எல்லாம் ஓய்ந்த பிறகு பெரியசாமி கல்லை இன்னொரு முறை, இந்த முறை மெதுவாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுத்து ஒன்றும் அவருக்குப் புரியாது. ஆனாலும் தேடினார்.

"எம் பேரு எங்க?" என்றார்.

"நீங்கதான் கல்லே வேணாம்னீங்க," என்றாள் மகள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிரோஷா பரீட்சை எழுதினாள். இப்போது பல்கலைக்கழகத்தில் லத்தீன் படிக்கிறாள். விடுமுறையில் வரும்போது பஸ்ஸில் யாராவது அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் மஸ்கெலியாவுக்கு என்று சொல்கிறாளாம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. பிள்ளைகள் எழுதும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் ஓர் அட்டை வையுங்கள். சத்தம் கேட்டவுடன் எதையும் கிழிக்காதீர்கள். எது பிழை, எது பிழையில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். யாரைப் பற்றிப் பேச்சோ அவர் வரும்வரை காத்திருங்கள். நம் பிள்ளைகளின் வீட்டில் ரோமாபுரியை உட்கார வைக்க இடம் இருக்கிறது என்பதை மட்டும் ஒருபோதும் சந்தேகிக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை அவர்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்தின் முன்னால் மேட்டுக்கு ஏறும் பாதை. பெரட்டுக்கும் கடைக்கும் கோயிலுக்கும் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பாதையைப் பார்த்த சுவரில் அந்தக் கல் இருந்தது. மழை படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஆணியடித்திருந்தார்கள். பக்கத்தில் தமிழில் ஓர் அட்டை. அடியில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "கணவன் பெரியசாமி, தலைவர். வாழ்கிறார்."

நான் நின்று வாசித்தேன். ரோமர் எதிர்பார்த்ததும் அதைத்தான். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியசாமி என்னை உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வழியில் போகும் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். பலருக்கும் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார்:

"உசுரோடதாங்க இருக்கா. உள்ள டீ போடுறா. குடிச்சிட்டுப் போங்க."